தொரையிடம் மண் கேட்கும் முறை

கூச்சம் போக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்கெல்லாம் போய்ச் சான்றிதழ் வாங்கியவன் நான். அப்படியும் நேற்றுப் பசறை பஸ்ஸில், நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பல்கலைக்கழக மாணவிகள்.

"கைய அழுத்திக் குலுக்கணுமாம், கண்ணப் பாத்துப் பேசணுமாம். செமினார்ல சொன்னாங்க," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"யாரு கைய?"

"தொர கையத்தான். எங்க தேயிலத் தோட்டத்து மேனேஜர் அவருதானே, மலையில மண்ணெடுக்க விடணும்? நாளைக்கு முடியாதுன்னுட்டா என் மண்புழு ஆராய்ச்சி அவ்வளவுதான்."

"ஒங்கப்பா தொர ஜீப்பக் கண்டாலே தொப்பியக் கழட்டிட்டு ஓரமா நிப்பாரு. நீ கையக் குலுக்குனா மனுசன் காலையில வேல பிரிக்கிற பெரட்டுக் களத்துலயே மயங்கி விழுந்துருவாருடி."

"சும்மா இரு. ஒரு நிமிஷத்துல சொல்லி முடிக்கணும். இப்ப நீதான் தொர."

தோழி கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். "ம், சொல்லு."

"சேர், ஒங்க மண்ணு சாகுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"வெளிய போ."

"அடியே! கேள்வியிலதான் ஆரம்பிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க!"

"வெளிய போன்னா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

"அதுக்குள்ள டீக்கு விட்டுட்டாங்க."

மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை கேள்வி இல்லை. புழு குறைந்தால் மண் இறுகும், கொழுந்தும் குறையும் என்று நிதானமாகச் சொல்லி முடித்தாள். எனக்கே விளங்கிவிட்டது. தாங்க முடியாமல் முன்னால் குனிந்து, "நல்லா சொன்னீங்க தங்கச்சி, கட்டாயம் விடுவாரு," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க தொரயாண்ணே?"