மூன்றாம் தூணின் அடியில் நிற்காதீர்கள்

ஒன்பது நாளாகத் தரை ஆடியும் தளராமல் இந்தச் சதுக்கத்தில் கூட்டம் சேர்த்திருக்கும் ஊர்த்தலைவர் பொலிக்ரோனிஸ் அவர்களே, மாதா கோயில் மணியையும் நம் மனத்தையும் ஒருசேரக் காத்துவரும் குருவானவர் அந்திமோஸ் அவர்களே, முன்வரிசையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தோமா என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, என்னிடம் படித்தவர்களே, படிக்காமல் தப்பித்தவர்களே, அனைவருக்கும் என் மாலை வணக்கம்!

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். தூணுக்கு நம் கிரேக்க முன்னோர் வைத்த பழஞ்சொற்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. "தூணுன்னா தூணுதானே டீச்சர்? அதுக்கு எதுக்கு இத்தனை பேரு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் ஒண்ணுதான். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணு, போதும்."

கேட்டவன் இன்று நம் ஊர்க் கொத்தனார் த்ரசிவூலோஸ். அதோ, காப்பிக்கடைச் சுவரோரம் கைகட்டி நிற்கிறான். அன்று நான் சொன்னது தவறு. அதைத் திருத்தாமல் எனக்கு உறக்கமில்லை, நாள்களும் இல்லை. நாளை மறுநாள் மாதாவின் பெருநாள். கோயில் முகமண்டபத்தில் மாதாவின் படத்தை உயர்த்தி வைப்போம். அதன் அடியில் நோயாளிகள் குனிந்து போவார்கள். தாய்மார்கள் கைக்குழந்தையோடு போவார்கள். மண்டபக் கூரையைத் தாங்க நான்கு தூண்கள் நிற்கின்றன. தாங்கவென்றே பிறந்தவை அவற்றில் மூன்றுதான்!

"எது டீச்சர் அந்த இன்னொண்ணு?" என்கிறாய், செவாஸ்தி. வலமிருந்து மூன்றாவது. காய்ச்சல் வந்தால் நீ மெழுகு நூல் கட்டுகிறாயே, அதே தூண்.

சலசலப்பு வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். குதிரையும் நான்கு கால். நாற்காலியும் நான்கு கால். நாற்காலியில் ஏறி நகரத்துக்குப் போவீர்களா? தூணும் அப்படித்தான். கீயோன் என்றார்கள்: கூடத்தின் நடுவே நின்று கூரையைச் சுமக்கும் தூண். ஸ்தீலோஸ் என்றார்கள்: அதுவும் சுமக்கும் தூண்தான், கோயிலைச் சுற்றி வரிசை கட்டுவது. ஸ்தீலி என்றார்கள்: எதையும் சுமக்காத கல், எழுத்தை மட்டும் சுமப்பது. பிறகு கியோனிஸ்கோஸ், குட்டித்தூண். ஆடம்பரக் கல்லறைகளைச் சட்டம் தடுத்த காலத்தில், கல்லறை மேல் நட்ட இடுப்புயர உருளை. உச்சிக்குக் கீழே ஒரு வளையம், அதன் கீழே இறந்தவர் பெயர், தந்தை பெயர். அவ்வளவுதான் அதன் சுமை. ஒரு பெயர்!

செவாஸ்தி, உன் நூல் ஏன் நழுவாமல் நிற்கிறது? உன் பக்தியாலா? பக்தி பெரிதுதான், ஆனால் நூல் நிற்பது அந்த வளையத்தில்.

வளையத்தை நாம் ஏன் பார்க்கவில்லை? புனித வாரம் வந்தால் சுண்ணாம்பு. அடுத்த ஆண்டும் சுண்ணாம்பு. அதற்கடுத்த ஆண்டும் சுண்ணாம்பு! வீதி வெளுத்தோம், வாசல் வெளுத்தோம், விளிம்பு வெளுத்தோம். வெளுத்து வெளுத்து எழுத்தை மறைத்தோம். செவ்வாய்க்கிழமை நிலம் ஆடியபோது உள்ளங்கைத் தடிமனில் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளே எழுத்து. 'பிலூமெனி, நிகீராதோஸ் மகள்.' ஒரு பெண்ணின் கல்லறைக்கல், நண்பர்களே! அதன் மேல் இன்னொரு கல்லறைக்கல். உயரம் போதாததால் உச்சியில் ஓர் உடைந்த திரிகைக்கல்.

உடனே த்ரசிவூலோஸிடம் ஓடினேன். என்ன சொன்னான்? "டீச்சர், அது எங்க தாத்தாவோட அப்பா கையால கட்டினது. நூத்தம்பது வருஷமா நிக்குது. நீங்க புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து என் குடும்பத்து மேல சேத்தை வாரி அடிக்காதீங்க."

சிரிக்காதீர்கள். அவன் வலி எனக்குத் தெரியும்.

இதோ! உணர்ந்தீர்களா? உட்காருங்கள், உட்காருங்கள். ஒலிபெருக்கிக் கம்பம்தான் ஆடியது. நம் தலைக்கு மேல் வானம், விழ ஒன்றுமில்லை. ஆனால் அங்கே? அந்த மண்டபத்தில்?

முழுத்தூணைத் துண்டு துண்டாக அடுக்கிய நம் பழைய கல்தச்சர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு துண்டின் நடுவிலும் குழி வெட்டி மர முளை இறக்கினார்கள், நழுவாதிருக்க. கல்லறைக்கல்லுக்கு முளை எதற்கு? அதன் மேல் வருவது வெயிலும் மழையும்தானே! அப்படியானால் அந்த இரண்டு கற்களையும் ஒன்றாகப் பிடித்திருப்பது எது? த்ரசிவூலோஸ், உன்னைத்தான் கேட்கிறேன். கொத்தனார் நீ. ஊருக்கே கேட்கும்படி சொல்.

"போதும் டீச்சர்."

போதாது. நாளை மறுநாள் உன் மகள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் அடியில்தானே போகப்போகிறாள்?

"சொல்றேன், சொல்றேன்! புதன்கிழமை விடிஞ்சதும் நானே போய்ப் பார்த்தேன். ரெண்டு கல்லுக்கும் நடுவுல கத்தியை விட்டேன். பிடி வரைக்கும் போச்சு. உள்ள இருந்த சாந்தெல்லாம் வெறும் மாவு டீச்சர், வெறும் மாவு. யார்கிட்டயும் சொல்லலை. பெரியவர் பேரு கெட்டுடுமேன்னு பயந்தேன்."

கேட்டீர்களா? வசை வேண்டாம். "அடப்பாவி!" என்று கத்தியது யார்? நான்கு நாள் இவன் மறைத்தான்; முப்பத்தெட்டு ஆண்டு நான் மறைத்தேன். இவன் கொள்ளுத்தாத்தா மேல் எந்தக் குற்றமும் இல்லை. வயலை உழும்போது உருளைக்கல் வந்தது; கோயிலுக்குத் தூண் குறைந்தது; கொண்டுபோய் நிறுத்தினார். தூண் தூண்தானே என்று நினைத்தார். என்னைப் போன்ற ஒரு வாத்திச்சி அவருக்கும் வாய்த்திருப்பாள்.

"அப்ப மாதாவை வெயில்லயா வெக்கிறது?" என்கிறாய், செவாஸ்தி. ஆம், வெயிலில்தான்! இந்தச் சதுக்கத்தில், திறந்த வானத்தின் கீழ்! மாதா வெயிலைப் பொறுப்பாள். குழந்தையின் மண்டை கல்லைப் பொறுக்குமா? நிற்கிறது என்பதாலேயே தாங்குகிறது என்று நம்பலாமா? வெளுப்பாக இருக்கிறது என்பதாலேயே வலுவாக இருக்கிறது என்று நம்பலாமா? பெயர் தாங்க வந்த கல்லின் தலையில் கூரையை ஏற்றியது போதும். பிலூமெனியை இறக்குங்கள்! அவள் சுமந்தது போதும்!

குருவானவர் தலையசைக்கிறார். தலைவர் கை உயர்த்துகிறார். த்ரசிவூலோஸ், நீ?

"ஆறு முட்டுக் கட்டை இருக்கு என்கிட்ட. இருட்டுறதுக்குள்ள கூரைக்கு முட்டுக் கொடுத்துடறேன். ஆனா அந்தக் கல்லை நான்தான் இறக்குவேன். வேற எவனும் கை வெக்கக் கூடாது."

நீயே இறக்கு மகனே. உன்னைவிட மெதுவாக வேறு யார் இறக்குவார்?

இவ்வளவு நேரம் ஆடும் தரையில் அசையாமல் கேட்டதற்கு நன்றி. மேடை போட்டவர்களுக்கும், இடையிடையே என்னை அதட்டிய செவாஸ்திக்கும் என் வணக்கம். வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். சுவரில் விரிசல் இருந்தால், விரலகலக் காகிதத் துண்டு ஒன்றை மாவுப்பசை தடவி அதன் குறுக்கே இறுக்கமாக ஒட்டுங்கள்; காலையில் அது கிழிந்திருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.