டெஸ்க்டாப் முழுதும்

லேப்டாப்புக்குப் புதிதாக ஓ.எஸ். போட மூன்று மணி நேரம் ஆகும். அதில் இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தெருவில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வக்கீல் மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் செங்குட்டுவன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பதினோரு வருடத்தில் என் கையால் யாருடைய ஃபைலும் தொலைந்ததில்லை. இதை முதலில் தெரிந்துகொண்டால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

என் முறை எளிது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டுவேன். உள்ளே இருப்பதையெல்லாம் டிவிடியில் எழுதுவேன். சரியாக ஏறியதா என்று நாலைந்து ஃபைலைத் திறந்து பார்ப்பேன். பிறகு டிவிடியின் மேல் மார்க்கர் பேனாவால் பெயரும் தேதியும் எழுதுவேன். அதை எழுதி முடிக்காமல் எதையும் அழிக்க மாட்டேன்.

ஜனங்களோ எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே கொட்டி வைப்பார்கள். திறந்ததும் கண்ணெதிரே இருக்க வேண்டுமாம். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். ஓ.எஸ். போடும்போது அழிவதும் சி டிரைவ்தான். வேண்டியதை டி டிரைவில் வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். இதில் முதல் குற்றவாளி என் மனைவி மகிழினி.

அவள் எண்ணூரில் ஒரு இலவச மருத்துவமனையில் வேலை செய்தாள். எண்ணூர் ஜனங்களின் வழக்கை நடத்தும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே குப்பத்துக்குப் பக்கத்திலிருந்த ஆலையில் வாயு கசிந்த பிறகு, ஒரு வருடத்துக்கும் மேலாக வீடு வீடாகப் போனாள். அறுபத்தொரு வீடு. போட்டோ, டாக்டர் சீட்டு, ஒவ்வொருவரும் பேசியது, எல்லாவற்றையும் சேர்த்தாள். குரல் பதியும் கருவியில் இடம் நிறைந்துவிடும். அதனால் லேப்டாப்பில் ஏற்றிவிட்டுக் கருவியில் அழித்துவிடுவாள். ஆக, அந்தக் குரல்கள் இருந்தது ஒரே இடத்தில்தான். டெஸ்க்டாப்பில்.

ஏழு மணிக்கு வருவேன் என்பாள், ஒன்பதாகும். சோறு போடும்போதும் ஒரு காதில் இயர்போன் இருக்கும். யாரோ இருமுவதைக் கேட்டபடியே எனக்குக் குழம்பு ஊற்றுவாள். யார்டில் கிரேன் மோதியதை ஒருநாள் விவரமாகச் சொன்னேன். முடித்ததும் நிமிர்ந்து, "இன்னா சொன்ன?" என்று கேட்டாள். மறுபடி சொல்லவில்லை. கோபமா என்று கேட்டீர்கள். கோபமில்லை, எரிச்சல். யாருக்குத்தான் வராது?

போன பிப்ரவரியில் வைரஸ் புகுந்து லேப்டாப் படுத்துவிட்டது. விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்க மூன்று வாரம் இருந்தது. என் முன்னால் கொண்டு வந்து வைத்தாள்.

"த பாருப்பா, ஒரு ஃபைலுகூட பூடக் கூடாது. அறுபத்தோரு வூட்டுக்காரங்க இத்த நம்பிதான் கீறாங்க."

"நான் கைவெச்சு எது போயிருக்கு?" என்றேன்.

"அதான் உங்கிட்ட குடுக்கறேன்" என்றாள்.

எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸில் யாரும் இல்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டு, வழக்கம்போலச் சில ஃபைலைத் திறந்தேன். ஒன்றில் அம்மு பேசினாள். குப்பத்து ராஜாத்தியின் மகள், எட்டு வயது. அதைப் பேசி இரண்டு மாதத்தில் இறந்த குழந்தை. புகை வந்தால் கண் எரிகிறது, ஓடினால் மூச்சு நிற்கிறது என்று சொல்லிவிட்டு, "அக்கா, இப்ப என் கொரலு இதுக்குள்ள பூட்ச்சா?" என்று கேட்கிறாள். "பூட்ச்சுடி. இனிமே எங்கியும் போவாது" என்று என் மனைவி சொல்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு எங்கள் கல்யாணப் போட்டோக்களைத் தேடினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் போட்டு ஒரு ஃபோல்டர் வைத்திருந்தவள், எங்கள் கல்யாணத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பெயரில்லாத ஏதோ ஒரு ஃபோல்டரில் நானூற்றுப் பன்னிரண்டு படமும் கிடந்தன.

டிவிடி மேல் பெயரையும் தேதியையும் எழுதினேன். ஓ.எஸ். போட்டேன். கல்யாணப் போட்டோக்களை டி டிரைவில் 'கல்யாணம்' என்று பெயர் போட்டு வைத்தேன். மற்றதைத் திருப்பி ஏற்றவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

டெஸ்க்டாப்பில் இருந்ததால் சி டிரைவோடு போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன், கேட்டாயா என்றும் சொன்னேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான்.

மறுநாளிலிருந்து அறுபத்தொரு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டாள். அத்தனை நாளும் லீவு போட்டு ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். எந்தக் கணவன் செய்வான்? மறுபடி பதியப் பார்த்தாள். ஏழு குடும்பம் ஊரை விட்டே போயிருந்தது. மூன்று பேர் செத்திருந்தார்கள். மிச்சப் பேருக்கு அலுத்துவிட்டது. போதிய ஆதாரம் இல்லை என்று குழு முடித்துக்கொண்டது. மூடி வைத்திருந்த ஆலை ஓட ஆரம்பித்தது. வேலையை விட்டுவிட்டு மகிழினி வீட்டோடு இருந்தாள். நேரத்துக்குச் சாப்பாடு நடந்தது. அதிகம் பேச மாட்டாள். போகப் போகச் சரியாகிவிடும் என்றிருந்தேன்.

ராஜாத்தி மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை வருவாள். லேப்டாப் எதிரே தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

"அண்ணா, எம் பொண்ணு கொரலு அத்துல எங்கனா ஒட்டிகினு கீதா பாருண்ணா."

நானும் திறந்து, தேடுவதுபோல் கொஞ்ச நேரம் தட்டுவேன். இல்லையம்மா என்பேன். டீ போட்டுக் கொடுத்துத்தான் அனுப்புவேன். டிவிடி நாலடி தள்ளி பீரோவில் இருந்தது. அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். மகிழினி பழையபடி ஆகட்டும், கொடுத்துவிடலாம் என்பதுதான் எண்ணம்.

ஜூலையில் மறுபடி வாயு கசிந்தது. இந்தத் தடவை சுஃபியான் என்று நாலு வயதுப் பையன். குழு பிப்ரவரி முடிவிலேயே அந்தக் குரல்களைக் கேட்டிருந்தால் ஆலை மூடியே கிடந்திருக்கும், பையன் பிழைத்திருப்பான் என்று சொன்னீர்கள். இருக்கலாம். வால்வைக் கவனிக்காமல் விட்டது நானில்லை. அந்தச் சாவுக்கு மகிழினியை நான்தான் கூட்டிப்போனேன். அன்றைக்காவது டிவிடியைக் கொடுத்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். அன்றைக்குக் கொடுத்தால் அதுவரை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்களே.

ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்குக் கொடி தேட பீரோவைத் திறந்தவள் கையில் என் டிவிடி உறை கிடைத்தது. எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருப்பேன். ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். 'மகிழினி, டெஸ்க்டாப் முழுதும், 8.2.2009' என்று எழுதியிருந்தது.

"இது உன் எழுத்துதானே?"

"ஆமாம்" என்றேன். மறுக்க என்ன இருக்கிறது?

"சுஃபியான் செத்தப்ப இது இங்கதான் இருந்துச்சா?"

அதற்கும் ஆமாம் என்றேன். டிவிடியை லேப்டாப்பில் போட்டு அம்மு பேசுவதை முழுதாகக் கேட்டாள். பிறகு இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு புளியந்தோப்பில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். டி டிரைவில் கல்யாணப் போட்டோக்கள் இருக்கின்றன என்று வாசல் வரை போய்ச் சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே, மேடம், தெளிவாகவே எழுதிவிடுகிறேன். நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். ஆனால் தொலைத்தான் என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள். ஒன்றுகூடத் தொலையவில்லை, எண்ணிப் பாருங்கள்.

மகிழினி உங்கள் ஆபீஸுக்கு வந்தால் ஒன்று சொல்ல வேண்டும். லேப்டாப் இந்நேரம் மறுபடி மெதுவாகியிருக்கும். அவசரப்பட்டு வெளியாள் யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், கவனமில்லாமல் எதையாவது அழித்துவிடுவார்கள். என்னிடமே கொண்டு வரட்டும்.