எதுவும் வீண்போகவில்லை

ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைக்கும் மெழுகுத்தாளை நான் எறிவதில்லை. மதியம் சாப்பிட்டதும் துடைத்து, மடித்து, கைப்பையில் போட்டுக்கொள்வேன். கிழிகிற வரைக்கும் அது உழைக்கும். இதற்காக மருத்துவமனையில் என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. செய்யட்டும். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் இவ்வளவுதான். உங்களுக்கு இன்னும் விரிவாக வேண்டும் போலிருக்கிறது.

புற்றுநோய் மருந்து கலக்கும் அறை என் பொறுப்பில் இருந்தது. மருந்து புட்டிகளில் வரும். ஒருவருக்கு முக்கால் புட்டி போதுமென்றால் மிச்சம் குப்பைக்குப் போகும். பல வருடங்களாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, யாருக்கும் வயிறு எரியவில்லை. ஒரே மருந்து வேண்டியவர்களை ஒரே நாளில் வரவழைக்க ஏற்பாடு செய்தவள் நான்தான். ஒருவருக்குப் போக மிஞ்சியது அடுத்தவருக்கு. வார்டில் முணுமுணுத்தார்கள், நான் விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மருந்தகத்தில் கேக் உண்டு; அந்த வாரம் என்னைப் பாராட்டி, மருந்தகத் தலைவர் ஸ்டைனார் தன் கையாலேயே கேக் செய்து கொண்டுவந்தார்.

"குன்வோர், உன்னால நம்ம குப்பைத்தொட்டி பட்டினி கிடக்குது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தட்டில் உதிர்ந்த துணுக்குகளையும் நான் வழித்துச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு என் அறையில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு நாள் வார்டு நர்ஸ் ஆஸ்லௌக், நான் கலந்து அனுப்பிய பையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"அந்தம்மா இப்பதான் போயிட்டாங்க, குன்வோர். பாவம். மருந்தும் வீணாப் போச்சு."

இந்த ஒரு பைதான் வீணா? போன வாரம் கொடுத்த பை எங்கே போனது? சாகப்போகிறவரின் நரம்புக்குள்தானே? தொட்டியில் கொட்டினால் வீண், அங்கே கொட்டினால் சிகிச்சையா? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட்டம் போட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் கூட்டம் போட்டுப் பேசி முடிப்பதற்குள் பனியே உருகிவிடும்.

அதனால் நானே முடிவு செய்தேன். தேறமாட்டார்கள் என்று எனக்குப் பட்டவர்களுக்கு, பையில் உப்புநீரை மட்டும் நிரப்பி அனுப்பினேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சரிபார்ப்பவர், நான் தூக்கிக் காட்டும் காலிப் புட்டியையும் பையில் ஒட்டிய பெயரையும் பார்த்துத் தலையாட்டுவார். அது முந்தைய நோயாளிக்குத் திறந்த புட்டியாக இருக்குமோ என்று சந்தேகிப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. வீட்டுக் கதவையே பூட்டாத ஜனங்கள்.

ஒட்மூண்டைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர், பயணிகள் கப்பல் ஓட்டி ஓய்வுபெற்றவர். வசந்தத்தில் தன் சொந்தப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். முதல் சில தவணைகளில் அவருடைய கட்டி சுருங்கியது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் படிக்கட்டில் அவர் மூச்சு வாங்குவதை நான் கேட்டேன். படகேறுகிற மூச்சு அல்ல அது. கிறிஸ்துமஸிலிருந்து அவருக்கும் உப்புநீர்தான்.

பிப்ரவரியில் அவர் எங்கள் ஜன்னலுக்கு வந்து, வீட்டில் செய்த முல்டேப் பழ ஜாம் பாட்டில் ஒன்றை நீட்டினார்.

"நீதானேம்மா எனக்கு மருந்து கலக்குறவ? இங்க பாரு." கம்பளித் தொப்பியைக் கழற்றினார். மருந்தில் மொட்டையாகிப்போன தலையில் வெள்ளை முடி குத்திட்டு நின்றது. "முளைச்சிருச்சு பாத்தியா. வாந்தியும் நின்னுபோச்சு. உன் கை ராசியான கை."

"நல்லது, ஒட்மூண்ட்."

"படகு இறக்குற அன்னிக்கு நீ வந்தே ஆகணும். வாஃபிள் சுட்டுத் தரேன். வருவியா?"

"வரேன்," என்றேன். அவரைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜாமும் நன்றாக இருந்தது. பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகப் பரவியிருந்தது. மருந்து கேட்கவில்லை என்று டாக்டர் சிகிச்சையை நிறுத்திவிட்டார். ஈஸ்டருக்கு முன்பே ஒட்மூண்ட் போய்விட்டார். அவர் உடலைக் கழுவித் தலைவாரிவிட்டவள் ஆஸ்லௌக். வாரிய கையோடு நேராக என்னிடம் வந்தாள்.

"கீமோ ஏறிட்டிருந்த தலையில முடி எப்படி முளைக்கும், குன்வோர்?" சீப்பு இன்னும் அவள் கையில் இருந்தது. "அந்தப் பையில என்னடி ஊத்துன?"

"அவருக்கு எது போதுமோ அதை," என்றேன். அவள்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு அழத்தான் தெரியும்.

நான் மிச்சப்படுத்திய மருந்தில் பெரும்பகுதி குளிர்பெட்டியிலேயே காலாவதியாகிக் குப்பைக்குப் போனதாகச் சொல்கிறீர்கள். போயிருக்கலாம். நான் எடுத்துக் கொடுத்ததைப் பயன்படுத்தத் தெரியாதது அவர்கள் தவறு.

வருத்தம் தெரிவித்தால் நல்லது என்கிறார் என் வக்கீல். எதற்கு? உப்புநீர் கொடுத்தது நான்தான். அவருக்கும், மற்றவர்களுக்கும், தெரிந்தேதான் கொடுத்தேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் கணிப்பு தவறு என்று மட்டும் எழுதாதீர்கள், அதில் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்களே விசாரித்துப் பாருங்கள். தேறமாட்டார்கள் என்று நான் ஒதுக்கிவைத்தவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை.