வயர் இல்லாத மவுஸ் நமக்கு ஆகுமா?

வாவிக் காற்றும் வர மறுக்கும் இந்த வெக்கையில் வாடாமல் வீற்றிருக்கும் சனசமூக நிலையத் தலைவர் நல்லரத்தினம் அவர்களே! புளியந்தீவிலிருந்து பஸ் ஏறி, படகுப் பாதையில் வாவி கடந்து, எங்கள் கண்ணைத் திறக்க வரும் மேர்லின் ரீச்சர் அவர்களே! தான் விற்ற சாமானுக்கு என்ன தீர்ப்போ என்று காத்தான்குடியிலிருந்து வந்து காத்திருக்கும் கடைக்காரர் ஸாஹிர் அவர்களே! பொருளாளர் கந்தப்போடியார் அவர்களே! என்னோடு ஒரே பாயில் இருந்து 'அ' எழுதிய வகுப்புத் தோழர்களே! பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, கடைசியில் தாங்களும் படிக்க வந்த தாய்மார்களே! உங்கள் எல்லாருக்கும் இந்தச் சாமித்தம்பியின் களைத்த வணக்கம்.

ஏன் களைத்த வணக்கம்? எனக்கு முன் பேசிய பெரியவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை என்று எழும்பினார்கள். விதைத்து, களை பிடுங்கி, வெட்டி, சூடும் அடித்து முடித்துவிட்டுத்தான் இருந்தார்கள். கேட்ட உங்களுக்கும் களைப்பு. காத்திருந்த எனக்கும் களைப்பு.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தப் பேச்சை நானே எழுதினேன். கையெழுத்து நேராக இல்லை. சில எழுத்து வரம்பேறி அடுத்த வயலுக்குள் போய்விட்டது. சில எழுத்து எருமை மாதிரிப் படுத்துக் கிடக்கிறது. தூரத்தில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள், இந்தத் தாள் உங்களுக்குத் தெரியாது. தலைவர் மட்டும் எட்டி எட்டிப் பார்க்கிறார். பார்க்காதீர்கள் ஐயா. எழுதியவனுக்கே சில இடம் விளங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். வயலில் நின்றவன் நான், வரம்பில் நடந்தவன் நான், அரசாங்கக் கச்சேரியில் கைநாட்டு வைத்தவன் நான். எழுபது தாண்டி ஏடு தொடக்கியவன் நான். எழுத்து கோணல்தான். ஆனால் அது என் எழுத்து! இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் களைப்பு இல்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

நமது வகுப்பு நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். இந்த மேடையில் கணினி. அதன் படம் எனக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் திரையில் விழும். திரையில் எழுத்துகள் நிரை நிரையாய் நிற்கும். ரீச்சர் பெயரைக் கூப்பிட்டால், மேடைக்கு ஏறி, மவுஸைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு ஒரு சொல்லைச் செய்ய வேண்டும். பழைய மவுஸுக்கு வயர் இருந்தது. அது செத்தது. ஸாஹிரின் கடையில் வயர் இல்லாத ஒன்றை வாங்கினோம். ஸாஹிர் அப்போதே சொன்னார்:

"ஐயா, பாவிச்சுப் பாருங்க. சரிவராட்டி சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கிட்டு வயர் உள்ளதத் தாறன்."

எடுத்துப் போவதா, விட்டுப் போவதா என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறார். அன்றாடப் பாவனைக்கு இது ஆகுமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைச் சபை என்னிடம் தந்தது. ஏன் என்னிடம்? நான் கெட்டிக்காரனா? இல்லை. "சாமித்தம்பியருக்குச் சரிவந்தா ஊருக்கே சரிவரும்" என்று தலைவர் சொன்னார். அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று தொடங்கியது என் களைப்பு. கோயிலுக்குப் போனால், மவுஸ் எப்படி? தேத்தண்ணிக் கடைக்குப் போனால், மவுஸ் எப்படி? முடி வெட்டப் போனால், கத்தரியை நிறுத்திவிட்டு, மவுஸ் எப்படி? சாமித்தம்பி எப்படி என்று கேட்டவர் யாராவது உண்டா? சிரிக்காதீர்கள். ஒருவரும் இல்லை!

மவுஸ் எப்படி? சபையிலே மறைக்க மாட்டேன். அதற்குக் குறை உண்டு. கண்ணாடி மேசையில் வைத்தால் வெறித்து நிற்கும். பாயில் வைத்தால் தவளையாய்த் தாவும். தட்டையான பலகை ஒன்று வேண்டும். பற்றரி தீரும், தீரும்போது சொல்லிவிட்டுத் தீராது. கணினியில் செருகும் அதன் சிறு துண்டு நகமளவுதான். தொலைந்தால் மவுஸ் இருந்தும் இல்லை. கொஞ்சம் சும்மா விட்டால் தூங்கிவிடும், அசைத்து எழுப்ப வேண்டும். அதில் மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான்.

நிறையும் உண்டு. கைக்குள் கோழிக்குஞ்சு போல அடங்கும். அமத்தினால் சத்தம் குறைவு. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய என் விரலுக்கும் பணிந்து போகும்.

இப்படி நான் பார்த்துக்கொண்டிருக்கையில் வாணிவிழா வந்தது. வழமைபோல் புத்தகங்களைக் கும்பத்துக்கு முன் வைத்தோம். கணினியை வைத்தோம். மவுஸையும் வைத்தோம். எல்லாவற்றுக்கும் கந்தப்போடியார் தன் கையாலேயே சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். பிறகு விஜயதசமி வரை ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. தொடலாமா? தொடக்கூடாது!

விஜயதசமி அன்று எடுத்தோம். மவுஸ் அசையவில்லை. அன்று ரீச்சரும் ஊரில் இல்லை. முதுகு மூடியைத் திறந்து பற்றரியை மாற்றினோம். அசையவில்லை. துண்டைக் கழற்றிச் செருகினோம். அசையவில்லை. தேங்காய் உடைத்தோம். அப்போதும் அசையவில்லை. போடியார் எழும்பினார்.

"வாலில்லாத மாடு ஈ கலைக்குமாகா? வாலில்லாத மவுஸ் எழுத்துக் காட்டுமாகா? இது அன்றாடப் பாவனைக்கு ஆகாது. திருப்பிக் குடுங்க, வயர் உள்ளத எடுங்க!"

எல்லாரும் ஓம் என்றார்கள். ஒரே ஓர் ஆள் ஓம் சொல்லவில்லை. சுவரோரம் சாய்ந்திருந்த சீதேவிப்பிள்ளை மச்சாள். இப்போதும் அதே சுவரோரம்தான் இருக்கிறா.

அவவை உங்களுக்குத் தெரியும். வாவி நண்டு விற்று மூன்று குமர்ப்பிள்ளைகளைக் கரை சேர்த்தவ. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. ஓட்டோவில் வந்து வகுப்புக்கு இறங்குவா. ஆனால் மேடைக்கு ஏறமாட்டா. தூக்கிவிட நாங்கள் ஆயத்தம். தூக்க விடமாட்டா. "நான் என்ன நெல்லு மூட்டையா?" என்று கேட்பா. பழைய மவுஸ் இருந்த காலம் முழுக்க, ரீச்சர் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் என்ன சொன்னா? "எனக்கு ஒண்ணா. அடுத்த ஆளுக்குக் குடுங்க." ஒண்ணா என்றால் வேண்டாம் என்றா சொன்னா? இல்லை தாய்மார்களே, எட்டாது என்பதைத்தான் அப்படிச் சொன்னா.

வயர் இல்லாதது வந்த முதல் வகுப்பில் ரீச்சர் ஒரு பலகையை எடுத்து அவவின் மடியில் வைத்தா. பலகையில் மவுஸை வைத்தா. திரையில் அம்பு நடந்தது. 'சீ' வந்தது. 'தே' வந்தது. 'வி' வந்தது. பெயர் முழுதாகத் திரையில் நின்றபோது, வலக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு நீட்டுப் பேர வெச்ச எங்கட அப்பாட வாயில சீனியத்தான் போடவேணும்" என்றா. நாங்கள் சிரித்தோம். சிரித்த கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

விஜயதசமியில் மவுஸ் செத்தபோது செத்தது யாருடைய முறை என்று இப்போது விளங்குகிறதா? அவ சொன்னா, "வயர் உள்ளது வந்தா நான் மறுகா வரல்ல. சும்மா குந்தியிருக்க எனக்கு வீட்டிலயே சுவர் இரிக்கி." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னா:

"என்னகா மச்சான், நண்டு வாங்கக்குள்ள எல்லாரும் புரட்டிப் புரட்டி வயித்தப் பாக்குறீங்க. இதுட முதுக மட்டும் பாத்துச் செத்துப்போச்செண்டு சொல்றீங்க. ஒருக்காப் புரட்டுங்களன்!"

புரட்டினேன். அடியிலே சிவப்பாய் மினுங்க வேண்டிய கண் எங்கே? கண் இருந்த இடத்தில் மஞ்சளாய் ஒரு சந்தனப் பொட்டு. சீமெந்து போல் காய்ந்திருக்கிறது. நடுவே அழகாகக் குங்குமம்!

என்ன போடியார், என்ன சொல்கிறீர்கள்? ஒலிவாங்கி இல்லாமலே கேட்கிறது. "கண்ணுள்ள சாமானுக்குக் கண்ணிலதானே பொட்டு வைக்கவேணும்" என்கிறார். நியாயம்! பக்தியில் வைத்தீர்கள், எங்கே வைக்கிறீர்கள் என்று பாராமல் நாங்களும் வடிவாயிருக்கு என்றோம். பழி உங்களுக்கு மட்டுமில்லை, ஊருக்கே. சால்வை நுனியை நனைத்துத் துடைத்தேன். அம்பு திரையில் மான்குட்டியாய் ஓடியது.

ஏன் இப்போது சிரிக்கிறீர்கள்? நான் இன்னும் பகிடிக்கு வரவில்லையே. தலைவரும் சிரிக்கிறாரா? சரி, சிரியுங்கள். களைத்தவனைப் பார்த்தால் சிரிப்பு வரும்தான்.

கண் திறந்த பிறகும் போடியார் விடவில்லை. பற்றரிக்கு யார் பொறுப்பு, துண்டுக்கு யார் பொறுப்பு, வயர் இருந்தால் இந்தக் கரைச்சல் உண்டா என்று கேட்கிறார். நல்ல கேள்விகள். வயர் உள்ள மவுஸ் கெட்டதா? இல்லை. தூங்காது, தொலையாது, பற்றரி கேளாது. ஆனால் அது கட்டையில் கட்டிய மாடு. கயிறு எட்டும் மட்டும்தான் மேயும். எட்டாத இடத்துப் புல் எழும்பி நடந்து வரவேண்டும். புல் நடக்குமா?

சபையோரே! எங்கள் வாழ்நாள் முழுக்க எழுத்து ஓரிடத்தில் இருந்தது, நாங்கள் வேறிடத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் வாவிக்கு அக்கரையில், நாங்கள் வயல் வட்டைக்குள். அரசாங்கக் கந்தோர் பட்டணத்தில், நாங்கள் வரிசையில். எழுத்தைத் தேடி நடந்தோம், நடந்தோம், நடந்து களைத்தோம். நடந்து களைத்த சனத்தைப் பார்த்து இன்னும் நட என்று சொல்வதா? நடக்கக் கால் உள்ளவனுக்கு மட்டும்தான் எழுத்தா? ஒரு நாளாவது, ஒரு தடவையாவது, எழுத்து எழும்பி எங்களிடம் வரக்கூடாதா? வந்ததே! ஒரு பலகையில் ஏறி, ஒரு மனுசியின் மடிக்கு வந்ததே! அதைத் திருப்பிக் கொடுப்பதா?

பற்றரிக்கு நான் பொறுப்பு. துண்டை நான் காப்பேன். பொட்டு முதுகில் வைப்போம். அன்றாடப் பாவனைக்கு இந்த மவுஸ் ஆகும், ஆகும், ஆகும் என்று என் தீர்ப்பைச் சொல்லி...

மறுபடியும் என்ன சிரிப்பு? கைதட்டல் வேறா? ரீச்சர், ஏன் எனக்குப் பின்னால் கையைக் காட்டுகிறீர்கள்? திரையா? பொறுங்கள், திரும்பிப் பார்க்கிறேன். மேடைக்கு ஏறும்போது மவுஸை மச்சாளின் மடியில் வைத்துவிட்டுத்தான் ஏறினேன். பொறுங்கள், பொறுங்கள். ஒருவரும் சொல்லித் தர வேண்டாம். நானே வாசிக்கிறேன்.

ம... ச்... சா... ன். மச்சான். போ... தும். போதும். இ... றங்... குங்க. இறங்குங்க. சோ... று... சோறு... ஆ... று... து.

மச்சான் போதும் இறங்குங்க சோறு ஆறுது.

வாசித்துவிட்டேன்! அவ எழுதினா, நான் வாசித்தேன்!

தலைவர் அவர்களே, இனி என் பேச்சு எதற்கு? கை உயர்த்தச் சொல்லுங்கள். ஓ, போடியாரின் கைதான் முதலில் நிற்கிறது. ஸாஹிர் தம்பி, வெறுங்கையோடு போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பொறுமையாய்க் கேட்ட பெரியவர்களுக்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்களுக்கும், கண் கொடுத்த ரீச்சருக்கும் நன்றி. மச்சாள், உங்களுக்கு வாயால் பதில் சொல்ல மாட்டேன். அடுத்த கிழமை மவுஸ் என் கைக்கு வரும்போது அதே திரையில் எழுதுகிறேன், இருந்து பாருங்கள். வணக்கம். இறங்குகிறேன்.