முள் பாதிக்கு மேல் ஏறவில்லை

தேநீர் ஆறிப்போனால் பரவாயில்லை, ஐயா. எனக்குச் சூடு ஆகாது. இருபது வருடமாக எஞ்சினைக் குளிரவைக்கிற வேலை பார்த்தவன் வேறெப்படி இருப்பேன்?

எங்கள் ஹிரோஷிமா கார் தொழிற்சாலையின் சுழல் எஞ்சினில் ஒரு தொல்லை உண்டு. மற்ற எஞ்சின் மாதிரி இல்லை. எரிவது எப்போதும் ஒரே மூலையில்தான். அந்த மூலை கொதிக்கும், எதிர்ப்பக்கம் சில்லென்று இருக்கும். கொதிக்கிற பக்கத்துக்குத் தண்ணீரை விரட்ட வேண்டும். அதற்கான வழிகளை வரைந்தவன் நான்.

வரைபடத்தில் குறையில்லை. குறை சோதனை ஓட்டுநர் இவாமுரோவிடம்தான். நல்ல மனிதர், ஆனால் தொடைநடுங்கி. எங்கள் வழக்கப்படி சோதனைப் பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் சூடு காட்டும் முள்ளை நோக்கி விரலை நீட்டி, "தண்ணி சூடு, சரி" என்று வயர்லெஸ்ஸில் உரக்கச் சொல்வார். முள் பாதியைத் தாண்டினால் போதும், வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

இரண்டு தடவை அப்படி நிறுத்தினார்.

"கனெதோ சான், உங்க எஞ்சின்ல சோறே ஆக்கிடலாம் போலிருக்கே," என்றார், எல்லார் முன்னாலும்.

"நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு அரிசி வேகறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடுங்க," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரிவுத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை நின்னா, இந்த வேலை தொகுஹாரா கிட்ட போயிடும்," என்றார். எங்கள் பிரிவுப் பையன் தொகுஹாராவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை, ஐயா.

ஆகவே முள்ளுக்குப் போகும் கம்பியில் ஒரு சின்ன மின்தடையைச் சேர்த்தேன். பட்டாணி அளவுகூட இருக்காது. அதன்பிறகு தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் முள் பாதியைத் தாண்டாது.

அன்று நாற்பத்தோரு சுற்று ஓட்டினார். ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் "சரி" என்றார். முப்பதாவது சுற்றில் வண்டியின் முன்பக்கம் ஆவி தெரிந்தது. சிவப்புக் கொடி என் கையில்தான் இருந்தது. ஆட்டினால் அது மூன்றாவது தடவையாகிவிடும் அல்லவா? நாற்பத்திரண்டாவது சுற்றில், சரிவான வளைவில், வெந்த மூலை விரிசல்விட்டு எஞ்சின் இறுகியது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வண்டி சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது.

சாவு வீட்டில் அவர் மனைவி என்னிடம் வந்தார். "கடைசியில ரொம்ப பயந்துட்டாருங்களா?"

"இல்லீங்கம்மா. அவருக்கு எதுவுமே தெரியாது."

நெற்றி பாயில் படக் குனிந்து எனக்கு நன்றி சொன்னார். வாழ்நாளெல்லாம் பயந்தவர், நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான் என்பதை மட்டும் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. தற்பெருமை எனக்குப் பிடிக்காது.