லஸ் கார்னரை விட மனசில்ல

அத்த ஏன் கேக்கறீங்க வேதாந்தம் சார்! உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகை எங்க போவப் போவுது, நாளைக்குக் காத்தால அடிச்சுக் குடுத்துர்றேன். மொதல்ல இத்தக் கேளுங்க! பம்பாய் கம்பெனி ஒண்ணு விக்குதே, தாயக்கட்டை உருட்டி ஊர் ஊரா நெலம் வாங்கற ஆட்டம்... ஆங், அதேதான்! உங்க வூட்லயும் கீதா? எல்லாம் டில்லி, சிம்லான்னு. நம்ம ஜனம் சிம்லாவ வாங்கி இன்னா பண்ணும்? அதான் நம்ம பிரஸ்லயே அந்த ஆட்டத்துக்கு மெட்ராஸ் எடங்க பேர் போட்டு சீட்டுக்கட்டு அடிச்சு வுட்டேன். பலகை அவன்து, சீட்டு நம்மள்து! 'அடையாத்துல வெள்ளம், ஒரு ஆட்டம் சும்மா ஒக்காரு.' 'மாமியார் வந்துட்டாங்க, வூட்டக் காலி பண்ணு.' ஐயோ சார், பாண்டிபஜார்ல பிச்சிக்கினு போச்சு!

பெர்மிஷனா? அவன் டில்லிய விக்கறதுக்கு யார்கிட்ட கேட்டானாம்?

நேத்து அந்தக் கம்பெனி மேனேஜர், பேரு ஜவஹராம், வூட்டாண்ட வந்து நிக்கறார். கேஸ் போட்டா பிரஸ்ஸே பூடும் சார்! 'சொந்தக்காரங்களுக்குக் கொஞ்சூண்டு அடிச்சேன்'னு அள்ளி வுட்டேன். நம்பிட்டார், நல்ல மனுசன்! எங்க வூட்டுக்காரி மர்சலின் காபியக் குடுத்து, 'ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்களேன்'னா. ஒக்காந்தவர் மாமியார் சீட்ட எடுத்துட்டு வுழுந்து வுழுந்து சிரிக்கிறார். 'ஆம்ப்ரோஸ், இத்த நாங்களே பொட்டியில சேத்துப் போடறோம்'ங்கிறார்! இந்தியா பூரா சார்! எம் பேரோட!

அப்பப் பாத்து என் முறை. லஸ் கார்னர்லேந்து சாந்தோம் வரிக்கும் என் கையில கீது. எடுத்தேன் பாருங்க ஒரு சீட்டு... 'எதிராளி கேக்கற கேள்விக்கு உண்மையச் சொல்லு. பொய் சொன்னா சொத்தெல்லாம் அவனுக்கு.' எந்த மகராசன் எழுதுனான்றீங்க? நானேதான்!

அவர் வெளையாட்டாத்தான் கேட்டார், 'நெசமா எவ்ளோ அடிச்சீங்க?'ன்னு. மர்சலின் மேசைக்கு அடியில என் கால மிதிக்கிறா. பொய் சொன்னா யாருக்கு சார் தெரியும்? ஆனா லஸ் கார்னர் சார்! சாந்தோம் சார்! அத்தினியும் தூக்கி அந்தாளுக்கா? சொல்லிட்டேன். 'கடை கடையாப் போட்டுட்டேன், இப்பக்கூட மிசின்ல ஓடிக்கினு கீது'ன்னு.

மனுசன் மொகம் சுருங்கிப் போச்சு. வக்கீல் நோட்டீஸ் வரும்னு எழுந்து போய்ட்டார். மர்சலின் என்னாண்ட பேசறதில்ல. நானும் நேத்துலேந்து தனியா சிரிச்சிக்கினு கெடக்கறேன்...

இன்னா சார் அப்டி பாக்கறீங்க? பாதியில எழுந்து போனவர் தோத்தவர்! ஜெயிச்சது நான்தான் சார்!