சந்தனம் பூசிய பிளக்கு

— கையை எடுங்க அத்தான். அந்தப் பெட்டியை லாரியில ஏத்தக் கூடாது.

— என்னட்டி செல்வி, வாசல்ல லாரிக்காரன் இஞ்சினை அணைக்காம நிக்குதான். தூத்துக்குடியில கப்பல் காத்துக் கெடக்கு. நீ என்னன்னா பெட்டிக்குக் காவல் நிக்குதே?

— கிரைண்டர் என் கம்பெனியில செஞ்சது. அதுல மாட்டியிருக்க வயரும் பிளக்கும் நீங்க தந்தது. சென்னையில சோதிச்சுப் பாத்தவங்க நீங்க தந்ததைத்தான் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. எர்த்து வரலையாம்.

— எனக்கும்தான் போன்ல சொன்னாங்க. அதுக்குத்தான் கடம்பூர்ல கடையைப் பூட்டிட்டு ஓடி வாரேன். கேட்டியா, நான் உன் அக்கா புருசன். ரோட்டுல போற எவனோ இல்ல.

— அதுனாலதான் ஒரு வயரைக்கூட வெட்டிப் பாக்காம வாங்கி மாட்டினேன்.

— இப்ப மட்டும் சந்தேகப்படுதே?

— ஆமா, படுதேன். மூடி மறைச்சு என்ன செய்ய? முதல்ல நீங்க தந்த வயரு கையில கனமா இருந்திச்சு. இந்த லோடுக்குத் தந்தது நூலா தொங்குது. அதே சீலு, அதே பேரு. கம்பெனியில கிரைண்டரை ஓட்டிப் பாக்குத கருத்தையா அண்ணாச்சி, வயரு சுடுதுன்னு வேற சொல்லுதாரு.

— கருத்தையாவுக்கு எதுதான் சுடாது? ஆறின காப்பியையும் ஊதி ஊதிக் குடிக்க ஆளு. அரிசியும் உளுந்தும் போட்டு அரைச்சா வயரு லேசா சுடத்தான் செய்யும். இப்ப எல்லாம் மெல்லிசாத்தான் வருது, கேட்டியா. செல்போன் மெலியலையா?

— எனக்குச் சிரிப்பு வரல அத்தான்.

— எனக்கும்தான் வரல. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வயரு ஏவாரி உன்னைப் பாக்க வந்துட்டுப் போனானாமே? அவனை உள்ள விடணும், என்னை வெளியேத்தணும். அதுக்கு இந்த எர்த்து ஒரு சாக்கு. அப்படித்தானே?

— வந்தாரு. நீங்க இருக்கும்போது வேற ஆளு எனக்கு வேண்டாம்னு திருப்பி அனுப்பினேன். போய் அவர்கிட்டயே கேளுங்க.

— அப்ப எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?

— பயமா இருக்கு அத்தான். கடலை மிட்டாய் அனுப்புதவங்களுக்கு இந்தப் பாடு இல்ல. கெட்டுப் போனா வயித்தால போகும், அம்புட்டுத்தான். இது ஈரக்கையோட தொடுத சாமான். லண்டன்ல எவளோ ஒருத்தி மாவை வழிச்சுக்கிட்டே தொடுவா. உள்ள கரண்டு கசிஞ்சா அது எர்த்து வயரு வழியா ஓடணும். இல்லன்னா அவ வழியாத்தான் ஓடும். பெட்டியில என் கம்பெனி பேரு போட்டிருக்கு. அவ பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?

— நல்ல நேரத்துல எழவு வீட்டுப் பேச்சு பேசுதே. சரி, சென்னைக்குப் போயிட்டு வந்த கிரைண்டர் எங்க?

— அந்தா, அந்த மூலையில.

— பிளக்கை இங்கன காட்டு. இது என்னதுட்டி, நீளமான கம்பியில மஞ்சளா அப்பிக்கிட்டு?

— சந்தனம்.

— சந்தனமா!

— முதல் தடவையா கடல் தாண்டிப் போகுதேன்னு சாமி கும்பிட்டுப் பொட்டு வச்சேன். தீப்பெட்டி ஆபீசுல எங்க அய்யா புது மிஷினுக்கெல்லாம் வைப்பாவள்லா? கல்லுக்கு வச்சேன், டிரம்முக்கு வச்சேன், பிளக்குக்கும் வச்சேன்.

— பொட்டா இது? சுவத்துக்கு வெள்ளையடிச்சிருக்கே! எர்த்துக் கம்பியே இதுதான் தாயி. காஞ்சு ஓடா நிக்கு. இது மேல மீட்டரை வச்சா எப்படிக் காட்டும்?

— சோதிக்கவங்க துடைக்க மாட்டாங்களா?

— வந்ததை வந்தபடியேதான் சோதிப்பாங்க. முதல் சோதனையில வரலைன்னா, மேற்கொண்டு எதையும் பாக்காம மூடி அனுப்பிருவாங்க. இந்தா, சுரண்டிட்டேன். மீட்டரை வை, எர்த்து வந்தா கத்தும்.

— கத்துது.

— கத்தட்டும். நல்லாக் கத்தட்டும். லாரிக்காரன் காதுலயும் விழட்டும்!

— இருங்க. ஏத்துத பெட்டியில ஒண்ணைப் பிரிச்சுப் பாக்கணும். நீங்க எடுக்காதீங்க, நான் எடுக்கேன்.

— அடுக்குல அடியில கெடக்கதை எடு. உனக்கு எது மேல சந்தேகமோ அதை எடு.

— இதுவும் கத்துது.

— இன்னொண்ணு?

— கத்துது அத்தான்.

— இப்ப சொல்லு, தப்பு யாரு மேல?

— என் மேலதான். நான்தான் அப்பினேன். ஆனா இந்த மீட்டரு, உள்ள வயரு அறுபடாம ஓடுதுன்னுதானே சொல்லும்? எவ்வளவு கரண்டு தாங்கும்னு சொல்லாதுல்லா?

— விடவே மாட்டியா நீ? அதைச் சென்னைக்காரன் சொல்லட்டும். கோளாறு என்னன்னு எழுதிட்டு சரக்கை அனுப்புங்க, மறுசோதனை பேப்பர் பின்னால வரட்டும்னுதானே லண்டன்காரங்க சொன்னாங்க? சென்னைக்குப் புதுசா ஒரு கிரைண்டரை அனுப்பு. அதுக்கு மாட்ட ஒரு வயரு கையோட கொண்டாந்திருக்கேன், இந்தா.

— பெட்டியில இம்புட்டு வயரு கெடக்கு. இது எதுக்கு?

— பொண்ணு பாக்க வாரவங்க முன்னால நல்ல சேலையைத்தானே உடுத்துவே? பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னுதான்.

— கனமா இருக்கு அத்தான்.

— இன்னைக்கு உனக்கு ஒண்ணு கனமாத் தெரியும், இல்லன்னா மெல்லிசாத் தெரியும். கேட்டியா, அவன் ஆரன் அடிக்கான்.

— சரி, ஏத்தச் சொல்லுதேன். மனசுல பட்டதைக் கேட்டுட்டேன், வச்சுக்கிடாதீங்க. காலையில அக்காகிட்ட வேற உங்களைப் பத்திச் சொல்லி அழுதேன். அவகிட்ட ஒரு வார்த்தை பேசிருதேன்.

— வீட்டுக்குப் போயி நான் சொல்லிக்கிடுதேன். இப்ப எதுக்கு போனு?

— அவ சாப்பிடாமக் கெடப்பா. ரிங்கு போகுது, இருங்க. அக்கா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அத்தான் இங்கனதான் நிக்காவ. எல்லாம் சரியாயிட்டு. நான் பூசின சந்தனத்தாலதான் வந்த வினை. வயருல ஒண்ணும் இல்ல.

— நான் அப்பவே சொன்னேன்லா ராசாத்தி! அவியளைப் போயா சந்தேகப்படுவே? வயரு விசயத்துல அவிய மாதிரி கருத்தான ஆளு உண்டா? இந்த லோடுல இருந்து நீ எனக்குன்னு எடுத்துத் தந்த கிரைண்டருக்கே வயரை மாத்தித் தந்தாவளே.

— லண்டன் பிளக்கு நம்ம வீட்டு போர்டுல சேராது ராமலட்சுமி, அதான் மாத்தினேன். போனை வை, இங்கன வேலை கெடக்கு.

— பிளக்கு சேரலைன்னா பிளக்கை மட்டும் மாத்துங்கன்னு நானும் சொன்னேன் செல்வி, கேக்கலையே அவிய. அடியோட உருவிப் போட்டுட்டு, தடிமனா வேற வயரு வாங்கியாந்து மாட்டினாவ. நம்ம பிள்ளைய ஈரக்கையோட தொடுத சாமான், கப்பலுக்குப் போற வயரு நம்ம வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாவ.